கல்லின் மேல் மீன்கொத்தி

என் வயதை ஒத்தவர்களிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். நம் சின்ன வயதில் பறவையைப் பார்ப்பதற்கென்று யாராவது வீட்டைவிட்டுக் கிளம்பிப் போனதுண்டா? விரட்டப் போயிருக்கிறோம். நெல் பால் பிடிக்கிற காலத்தில் விடியும் முன்னே தகரத்தையும் கம்பையும் எடுத்துக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்து தட்டியிருக்கிறோம். நீலத் தாழைக்கோழி ஒன்று வயலில் இறங்கினால் அம்மா அதன் குலத்தையே சபிப்பாள். அப்படிப்பட்ட ஊருக்கு ஒருவர் பஸ் ஏறி வந்து, கழுத்தில் தூரக்கண்ணாடியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பறவை பார்க்க வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நாங்கள் நம்பவில்லை. நான் இன்றைக்கும் பாதிதான் நம்புகிறேன்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை நான். படிப்பும் அஞ்சாம் வகுப்போடு சரி. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அப்போது திருவனந்தபுரத்துச் சர்க்காருக்குக் கீழே இருந்தது. நாம் தமிழ்ப் பக்கம் சேர்வோமா மலையாளப் பக்கமே கிடப்போமா என்று பெரியவர்கள் டீக்கடையில் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள். ஊருக்குள் புது ஆள் வந்தால் எந்தப் பக்கத்து ஆள் என்று முதலில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள். எங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர் குலசேகரம் பக்கத்துக்காரர். சொல் என்பதற்குப் "பறை", பார் என்பதற்கு "நோக்கு" என்றெல்லாம் அவர் பேச்சில் வரும். தமிழ்தான், ஆனால் பாட்டுப் போல இழுக்கும். கணவர் இல்லை. மூன்று வயதுப் பெண்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, எங்கள் ஊரில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அங்கே குழந்தைக்குப் பால் வாங்குகிறார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உருட்டி எங்களுக்குப் பந்து கொண்டுவருவார். அழுக்குக் கறுப்பு நிறம். தரையில் போட்டால் கூரை வரை துள்ளும். எனக்கு ஒன்று கொடுத்தார். அம்மா அதை மோந்து பார்த்தாள்.

"என்னட்டி இது, செத்த எலி மாதிரி நாறுது? சும்மா தருவாளாட்டி ஒருத்தி? என்ன கேட்டா உங்கிட்ட?"

"ஒண்ணும் கேக்கல்ல."

"இப்பம் கேக்க மாட்டா. பொறவு கேப்பா."

பந்து எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் போயிற்று. ரொம்ப நாள் அது தண்ணீரில் மிதந்தது. வாளி விடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து முட்டும்.

தை பிறந்ததும் டீச்சர் எங்களில் ஆறு பெண்பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் குளத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். கூடவே அந்தக் கண்ணாடிக்காரர். டவுனில் படிப்பிக்கிறவர், பறவைகளைப் பற்றி எழுதுகிறவர் என்று டீச்சர் சொன்னார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு கறுப்பு நோட்டு. அரைக்கால் சட்டை போட்ட பெரிய ஆளை நாங்கள் அதுவரை போலீஸில்தான் பார்த்திருந்தோம். டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை.

என் தாய்மாமா வந்து அப்பாவிடம் சொன்னார். "அத்தான், குருவி எண்ணுகானாம். எண்ணி எதுக்கு?"

"குருவிக்கு வரி போடப் போறானோ என்னமோ," என்றார் அப்பா.

இருவரும் சிரித்தார்கள். பிறகு அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மக்கா, நீ அந்தக் கூட்டத்துலதானே போற? அவன் எங்க பாக்கான், எப்பம் எழுதுகான், அதை மட்டும் எங்கிட்ட வந்து சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். கேட்டியா?"

அப்பா என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். குளத்தை அளக்க வந்த சர்க்கார் ஆளோ என்ற பயம்தான். குளத்துக்குக் கிழக்கே கரை உண்டு, மடை உண்டு. மேற்கே கரை கிடையாது. தண்ணீர் வற்ற வற்ற வயல்தான். கோடையில் குளம் சுருங்கும்போது அந்தப் பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் வரப்பை வெட்டி இரண்டடி உள்ளே தள்ளிப் போடுவார்கள். அடுத்த வருஷம் இன்னும் இரண்டடி. ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்ப்பார், வாயைத் திறக்க மாட்டார். அவரும் தள்ளியிருப்பார் அல்லவா. இப்படி அப்பாவும், அவருக்கு முன்னே இருந்தவர்களும் தள்ளித் தள்ளி, வயலின் ஓரத்தில் இருந்த சர்வே கல் எங்கள் வயலின் நடுவுக்கு வந்துவிட்டது. கல் நகரவில்லை. வயல்தான் நகர்ந்தது. முழங்கால் உயரம் இருக்கும். ஒரு பக்கத்தில் அம்புக்குறி வெட்டியிருக்கும். அதைப் பார்த்தால் எதுவரை எங்களுடையது, எதிலிருந்து குளம் என்று குருடனுக்கும் தெரியும். நெல் நிற்கும்போது கல் மறைந்துவிடும். அறுத்த பிறகு அப்பா அதன் மேல் ஒரு பழைய கடவத்தைக் கவிழ்த்து வைப்பார். நாற்றுச் சுமக்கிற ஓலைக் கூடைதான். யாராவது கேட்டால் மறந்து வைத்தது என்று சொல்ல வேண்டும். யாரும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. இதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகும். விடியற்காலைக் குளத்திலிருந்து பாசி வாடையும் தாமரைத் தண்டு வாடையும் வரும். தாமரை இலை மேல் நீளமான விரல்களை வைத்து வைத்து இலைக்கோழி நடக்கும். இலை அமுங்கும், அது முங்காது. முக்குளிப்பான் ஒன்று முங்கினால் அது எங்கே எழும்பும் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். டீச்சர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பின்னால் வருவார்.

"பிள்ளே, மெள்ள நட. ஒச்சை வைக்காதே. நோக்கு, நோக்கு, அந்தத் தாழைப் பக்கம் நோக்கு."

கண்ணாடிக்காரர் அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் நீலத் தாழைக்கோழியைக் காட்டி, இதை உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். என் கூட்டுக்காரி, பக்கத்து வீட்டுப் பெண், வாய் நீளம், உடனே சொன்னாள். "நெல்லுக்கள்ளி, சாரே. எங்க அம்மை அதை இன்னும் மோசமாட்டுச் சொல்லுவா. சொல்லட்டா?"

"வேண்டாம், வேண்டாம்," என்று சிரித்துக்கொண்டே எழுதினார்.

நான் அன்று அப்பாவிடம் போய் அதையும் சொன்னேன். "கள்ளின்னு எழுதினாரு."

அப்பா மாமாவைப் பார்த்தார். "பாத்தியாவே? யாரு களவாண்டது, எவ்வளவு களவாண்டதுன்னு பைய பைய வாறான்."

இன்னொரு நாள் என்னிடம் தூரக்கண்ணாடியைக் கொடுத்தார்கள். தோல் உறையின் மணமும் அந்த இரும்பின் குளிர்ச்சியும் இப்போதும் நினைவிருக்கிறது. எல்லோரும் கூழைக்கடாவைப் பார் என்றார்கள். நான் எங்கள் வயலைப் பார்த்தேன். அறுத்த தாள்களுக்கு நடுவே எங்கள் கடவம் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. அதன் ஓலைக் கிழிசல் ஒவ்வொன்றும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் அவருக்கும் தெரியும்தானே? கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"கண்டியா?" என்று கேட்டார் டீச்சர்.

தலையை ஆட்டினேன்.

மாசியில், அறுப்பு முடிந்த இரண்டாவது வாரம் அந்தக் காரியம் நடந்தது. களத்தில் கூடை போதவில்லை என்று, காரணம் தெரியாத அம்மா, வயலில் கவிழ்த்திருந்த கடவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை காலை நாங்கள் மேற்குப் பக்கம் போனபோது கல் மொட்டையாக நின்றது. அதன் மேல் ஒரு மீன்கொத்தி.

கண்ணாடிக்காரருக்கு அது ஏதோ அபூர்வமாகப் பட்டிருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் கூழைக்கடா பின்னால் தண்ணீரோரம் ஓடிவிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வயலுக்குள் இறங்கினார். டீச்சர் பின்னால், நான் அதற்கும் பின்னால். நாலு எட்டு வைத்ததும் மீன்கொத்தி பறந்துவிட்டது. இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் அவர் காலைத் தூக்கிக்கொண்டார். கருவேல முள். வேலிக்கு வெட்டிப் போட்டதில் ஒன்று உள்ளே இறங்கிக் கிடந்தது. நொண்டிக்கொண்டே போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"பிள்ளே, உன் சட்டையில ஊக்கு இருக்கா? ஒண்ணு தா," என்றார் டீச்சர்.

என் சட்டையின் மேல் பொத்தான் போய் ஒரு வருஷமாகியிருந்தது. ஊக்குதான் குத்தியிருப்பேன். கழற்றிக் கொடுத்துவிட்டுக் கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் சேற்றில் குந்தி, அவர் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்து, ஊக்கால் முள்ளை நெம்பினார். வலி தெரியாமலிருக்கவோ என்னவோ, அவர் அந்தக் கறுப்பு நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். குளத்தின் அந்தக் கரையில் ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. துண்டை வைத்தே அடையாளம் கண்டேன். என் மாமா.

வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார். "எங்க பாத்தான்?"

"நம்ம வயல்ல."

"எழுதினானா?"

"கல்லு மேல உக்காந்து எழுதினாரு."

இதில் ஒரு சொல் பொய் இல்லை. முள்ளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. அப்பாவின் முகம் வெளிறியதைப் பார்த்தபோது, பத்து வயதில், எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. இவ்வளவு பெரிய செய்தியை நான் அல்லவா கொண்டுவந்தேன்.

மறுநாள் விடியும்போதே அப்பாவும் மாமாவும் கடப்பாரையோடு போனார்கள். மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் கல் வீட்டுக்கு வந்தது. புறவாசலில் கிணற்றுப் பக்கம் படுக்கப் போட்டார்கள். "துணி அலக்க நல்லதால்லா இருக்கு," என்றாள் அம்மா. கல்லை எடுத்தாயிற்று. ஆனால் எழுதிய ஆளும் கூட்டி வந்தவரும் இருக்கிறார்களே.

மேற்குப் பக்கத்து வயல்காரர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். டீச்சரை ஊரைவிட்டு அனுப்பினால் கண்ணாடிக்காரர் யாரை நம்பி வருவார்? மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் மனுவில் குளத்தைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது. எழுதினால் குளத்தைப் பார்க்க ஆள் வரும். என்ன எழுதுவது என்று எல்லோரும் முழித்தபோது மாமா தொண்டையைக் கனைத்தார்.

"நான் கண்ணால கண்டேன்வே. வாத்திச்சி அவன் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு இருந்தா. பச்சப் பிள்ளையைப் பக்கத்துல நிறுத்திட்டு."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. அடுக்களையில் அம்மாவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். முள் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே போய்விட்டது.

பள்ளிக்கூடத்து மேனேஜர் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, நிலபுலம் உள்ளவர். ஒரு காலை நேரம் எங்கள் வகுப்பறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் சுவரோரம் நின்றார். நடை போன ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வாசலில் அப்பாவும் மற்றவர்களும்.

முதலில் என் கூட்டுக்காரியைக் கேட்டார். "குளத்துல என்னம்மா செய்தீங்க?"

"குருவி பாத்தோம்."

"வேற?"

"வேற என்ன, கொசுக்கடிதான். கண்ணாடியை எனக்கு ஒருவாட்டிதான் தந்தாவ. இவளுக்கு ரெண்டுவாட்டி."

பிள்ளைகள் சிரித்தார்கள். மேனேஜருக்கே உதடு துடித்தது. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். "காலைப் பிடிச்சது உண்டா இல்லியா?"

"உண்டு," என்றார் டீச்சர். "முள்ளு தறைச்சது. நான் எடுத்தேன். எடுத்த ஊக்கு இந்தப் பிள்ளையோடதுதான். இவ அடுத்து நின்னா. இவகிட்ட கேளுங்கோ. எனக்குச் சாட்சி வேற இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லும்மா," என்றார் மேனேஜர். "முள்ளு குத்திச்சா? எந்த இடத்துல வச்சு? அவரு எங்க உக்காந்திருந்தாரு?"

அந்த மூன்று கேள்வியும் என் காதில் இன்னும் அதே வரிசையில் இருக்கின்றன. முதலாவதுக்கு ஆமாம் என்று சொன்னால் போதும், டீச்சர் தப்பிவிடுவார். ஆனால் முதலாவதைச் சொன்னால் இரண்டாவதைச் சொல்ல வேண்டும், இரண்டாவதைச் சொன்னால் மூன்றாவதை. எங்கள் வயலில். கல்லின் மேல். எந்தக் கல்? அந்தக் கல் இப்போது எங்கே? நான் வாசலைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது. அப்பா என்னிடம் எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

டீச்சரும் பார்த்துக்கொண்டிருந்தார். "பயப்படாதே பிள்ளே. கண்டதை மட்டும் பறைஞ்சா போதும்."

நான் தலையைக் குனிந்தேன். கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தேன். மேனேஜர் எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"பெண்பிள்ளை வாய் திறக்கல்லன்னா அதுக்கு மேல கேக்கப்படாது," என்றார். "மனசிலாச்சு. போதும்."

அவ்வளவுதான் விசாரணை. டீச்சருக்கு வேலை போயிற்று. நம் ஊரில் பெண்பிள்ளை பேசாமல் நின்றால், சொல்லத் தகாதது நடந்திருக்கிறது என்று அர்த்தம். முள் குத்தியது என்று சொல்லப் பத்து வயதுப் பிள்ளை ஏன் கூசப்போகிறாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மேனேஜரின் வரப்புதான் எங்கள் எல்லோருடையதையும்விடக் குளத்துக்குள் தூரமாய்ப் போயிருந்தது என்பது எனக்குக் கல்யாணமாகிக் கொட்டாரம் என்கிற ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். எங்கே உட்கார்ந்திருந்தார் என்ற அந்த மூன்றாவது கேள்வியை எதற்குக் கேட்டார்? தெரிந்துகொள்ளவா, நான் வாயை மூடிக்கொள்ளவா?

எனக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது. கூச்சக்காரி, அடக்கமான பிள்ளை, நாலு பேர் முன்னால் தலை நிமிராதவள். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைச் சொல்லித்தான் பேசி முடித்தார்கள். சொல்லிச் சொல்லி நானும் அப்படியே ஆகிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த நான் அதுதான். அன்றைக்கு நான் பேசாமல் நின்றதற்குக் கூச்சம் காரணமில்லை. எங்கள் நெல்லை நினைத்தேன்.

அடுத்த வகுப்புக்கு என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்படி அப்பாவிடம் தானே பேசுவதாக டீச்சர் சொல்லியிருந்தார். அவர் போன பிறகு பேச ஆளில்லை.

கல்லுக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருஷம் கழித்து நிஜமாகவே சர்வேக்காரர்கள் வந்தார்கள். அப்போது அப்பா இல்லை. தம்பி வயலில் நின்று, இதுவரை எங்களுடையது என்று காலால் கோடு கிழித்துக் காட்டினான். கல் எங்கே என்றார்கள். கல் இல்லை. அவர்கள் வேறு எங்கேயோ இருந்து சங்கிலி பிடித்து அளந்ததில், அப்பா சேர்த்தது போனதோடு, முன்னே எங்களுக்குச் சொந்தமாயிருந்ததிலும் ஒரு துண்டு குளத்தோடு போயிற்று. கண்ணாடிக்காரர் அந்த நோட்டில் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. மீன்கொத்தி என்று எழுதியிருக்கலாம். அவர் பிறகு வரவே இல்லை. உண்மையில் பறவை பார்க்கிறவர் என்றால் இன்னொரு தரம் வந்திருக்க வேண்டாமா? இல்லை, எங்கள் ஊரைப் பார்த்தது போதும் என்று நினைத்தாரோ.

டீச்சர் ஊரைவிட்டுப் போன காலை மட்டும் பாக்கி இருக்கிறது.

நான் புறவாசலில் துணி அலக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லில்தான். டீச்சர் தகரப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியில், எங்கள் வேலியோரம் வந்து நின்றார். அம்மா உள்ளே இருந்தாள். டீச்சர் கூப்பிடவில்லை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்தார்.

"உன் ஊக்கு. நான் தர மறந்துட்டேன்."

என் கை முழுக்க சவுக்காரம். அதனால் அதைக் கல்லின் மேல் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். அம்புக்குறியைப் பார்த்துவிட்டார். அதன் மேல் விரலை வைத்துத் தடவினார். முள் எடுத்த அன்று அவர் கண்ணுக்கு நேரே இருந்த குறி அது. மறந்திருக்க மாட்டார். கல்லைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கா, பிள்ளே?"

நான் சவுக்காரக் கையைப் பாவாடையில் துடைத்தேன்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட பறைஞ்சிருந்தா, நான் அந்தப் பக்கமே உங்களைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனே."

பக்கெட்டிலிருந்து அம்மாவின் புடவையைப் பிழியாமல் எடுத்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அதைக் கல்லின் மேல், அம்புக்குறியும் ஊக்கும் மறைய விரித்துப் போட்டேன். பிறகு பெட்டியைத் தூக்குகிற சத்தமும் படல் சாத்துகிற சத்தமும் கேட்டன.

புடவையை எடுத்தபோது ஊக்கு அங்கேயே இருந்தது. அதைத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டேன். வீட்டில் வேறு ஊக்கு கிடையாது.